குகைக்குள் போன கடைசி ஆள்

மொ. நல்லசிவம், பிறப்பு 1959, 2019இல் ஓய்வு, நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையொன்றின் முன்னாள் போர்மேன். இனம்: ‘நான் கடைசி ஆளாக வருகிறேன்’ என்று அறிவிப்பவர்.

வாசகரே, இந்த இனத்தை எங்கும் கண்டிருப்பீர்கள். பேருந்தில் “நீங்க முதல்ல ஏறுங்க” என்பார்; சன்னலோர இருக்கையில் அவருடைய துண்டு முன்பே ஏறியிருக்கும். கல்யாண வீட்டில் தமக்குக் கடைசிப் பந்தி போதும் என்பார். சமையற்கட்டில் ருசி பார்த்தே வயிறு நிரம்பியிருக்கும். தியாகம்தான். யார் இல்லையென்றது?

பேத்தி ஹர்ஷினியின் கல்லூரியில் குகைப் பயணம் அறிவித்தபோது, மருமகள் கற்பகவல்லி முடியாதென்றுவிட்டாள்.

“நான் கூடப் போறேன் தாயி. கடைசிப் பிள்ள வெளிய வந்தபெறகுதான் நான் வருவேன்.”

அந்த வாக்கை நம்பியே அனுமதி கிடைத்தது.

குகை வாசலில் அவர் ஆற்றிய உரை, ஆலையில் காலமெல்லாம் ஆற்றியதுதான்: ஓர் அறைக்குள் கூட்டம் கூடாது, சத்தம் கேட்டால் எதையும் எடுக்கத் திரும்பாமல் ஓட வேண்டும், எல்லாப் பக்கமும் கதவு இருக்க வேண்டும்...

“ஐயா, இதுக்கு ஒரே வாசல்தான்” என்றார் வழிகாட்டி மகேஷ்குமார்.

நல்லசிவத்துக்கு வேர்த்தது. ஆயினும் தலையில் விளக்கும் கழுத்தில் விசிலுமாக, பாறையிடுக்கில் வயிற்றை எக்கி, வௌவால் நாற்றத்தைப் பொறுத்து, தமக்குப் பின்னால் எவருமில்லை என்பதைப் பெருமையோடு திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, பிள்ளைகளுக்குப் பின்னே ஊர்ந்து உள்ளறையை அடைந்தார். குகையின் இருட்டை அனுபவிப்பதற்காக மகேஷ்குமார் விளக்குகளை அணைக்கச் சொன்னார்.

அந்த இருட்டில் எவனோ சிப்ஸ் பொட்டலத்தை உடைத்தான். டப்!

“ஓடுங்கலே!” என்ற எச்சரிக்கை எல்லாருக்கும் கேட்டது. வெளியிலிருந்து.

விளக்குகள் எரிந்தபோது, அவருடைய விசில் மட்டும் பாறையில் மாட்டித் தொங்கியது.

“என்ன தாத்தா, கடைசியா வருவேன்னீக?” என்றாள் வெளியே வந்த ஹர்ஷினி.

“வாசலத் திறந்து வைக்க வந்தேன் தாயி.”

“குகைக்கு ஏது தாத்தா கதவு?”

“வந்து பாத்தப்பதான் எனக்கும் தெரிஞ்சது.”

வீட்டில் விஷயம் தெரிந்தால் பேத்திக்கு அடுத்த பயணம் இல்லை. தாத்தாவின் சொல்லுக்கு மதிப்பும் இல்லை. கற்பகவல்லியோ வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“மாமா கடைசியாத்தான கிளம்புனாக?”

“ஆமாம்மா. நாங்க ஒவ்வொருத்தரா வெளிய வர்றத நின்னு பாத்துட்டுத்தான் தாத்தா வண்டியில ஏறுனாக.”

நல்லசிவம் தண்ணீர்ச் செம்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சிரியுங்கள், வாசகரே. ஆனால் இதைப் படிக்க நீங்கள் தேர்ந்தெடுத்த இருக்கை, வாசலுக்கு எவ்வளவு பக்கம்?

நல்லசிவம் கடைசியாக ‘நான் கடைசி ஆளா வர்றேன்’ என்று சொன்னது: 18 பிப்ரவரி 2024.