உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் புழு இருக்கிறதா?

சொன்னதை மட்டும் செய்கிறவனுக்குப் பெரிய ஆபத்து எதுவும் வருவதில்லை. ஆபத்தெல்லாம், சொல்லாததையும் சேர்த்துச் செய்கிற என்னைப் போன்ற கெட்டிக்காரர்களுக்குத்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், பெங்களூர் பிரேசர் டவுனில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் நானும் சரோஜாவும் குடிவந்தோம். ஓர் அறை, ஒரு சமையல் மூலை. அதற்கு முன்பு அண்ணன் வீட்டுக் கூடத்தில், நடுவே ஆணியடித்து ஒரு பச்சைப் புடவையைத் திரையாகக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தியவர்கள் நாங்கள். (அந்தப் பக்கம் அண்ணி இருமினால் இந்தப் பக்கம் பேச்சு நிற்கும்.) ஆகவே அந்த ஓர் அறை எங்களுக்கு அரண்மனை.

வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரி மேட்ரன். "மூணு மாசம் பாப்பேன் தம்பி. சரிப்பட்டா இருங்க. இல்லன்னா ஸாரி" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவருக்கு உலகமே தோட்டம்தான். ஜீனியா, காசித்தும்பை, செம்பருத்தி என்று பூத்துக் கொட்டும். ஒன்றைக்கூடப் பறிக்க விடமாட்டார். காலையில் டீயும் கையுமாக உட்கார்ந்து, எந்தப் பூவுக்குத் தேன்சிட்டு வந்தது, எந்தப் பட்டாம்பூச்சியை இரண்டு நாளாகக் காணோம் என்று வார்டு ரவுண்டு போகிற மாதிரி பார்ப்பார்.

"தலைக்கு ஒரு பூ கிடையாது, எல்லாம் பூச்சிக்குத்தான்" என்பாள் சரோஜா. "அடுத்த ஜென்மத்துல பூச்சியாப் பொறந்து இங்கயே குடிவரணும்."

மூன்றாவது மாதம் மேட்ரன் தங்கையைப் பார்க்க ஒரு வாரம் வேலூர் கிளம்பினார். "செடிக்குத் தண்ணி ஊத்துங்க தம்பி. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

இரண்டாவது வாக்கியத்தை நான் அவருடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

பூச்செடிகளுக்கு நடுவே ஓர் எலுமிச்சை மரம் இருந்தது. இலையெல்லாம் ஓட்டை. காக்கை எச்சம் போலச் சில புழுக்கள், கொழுத்த பச்சைப் புழுக்கள், காம்போடு ஒட்டிய ஏதேதோ கூடுகள். பாவம், வயதானவர், கண் தெரியவில்லை போலும் என்று இரக்கப்பட்டேன். பெட்டிக்கடையில் புகையிலை வாங்கி, கொதிக்க வைத்து, மரத்துக்கு அபிஷேகம் செய்தேன். கூடுகளை விளக்குமாற்றால் தட்டினேன்.

"ஏங்க, அந்தம்மா தண்ணி மட்டும்தானே ஊத்தச் சொன்னாங்க?"

"நீ சும்மா இரு. வந்து பாத்தா அசந்துடுவாங்க."

சனிக்கிழமை மத்தியானம் மேட்ரன் திரும்பினார். பயணக் களைப்பில் தோட்டத்துப் பக்கம் போகவில்லை.

"தம்பி, நாளைக்குச் சர்ச் முடிஞ்சதும் சண்டே ஸ்கூல் பிள்ளைங்க வராங்க. கூட்டுலேந்து பட்டாம்பூச்சி வர்றதக் காட்டறேன்னு ப்ராமிஸ் பண்ணியிருக்கேன். அதுக்குத்தானே அந்த எலுமிச்ச மரத்தையே வெச்சிருக்கேன். எல்லாம் பத்திரமா இருக்கில்ல?"

"ரொம்பப் பத்திரம்மா" என்றது என் வாய்.

அறைக்குள் வந்தால், சரோஜா டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் பச்சைப் புடவையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் வீட்ல ஆணி அப்படியே இருக்குமில்ல?" என்றாள்.

பிறகு அவளே மனமிரங்கி, தன் அம்மா வீட்டுக் கறிவேப்பிலை மரத்திலும் இதே புழுக்கள் இருக்கும் என்றாள். கூடு இல்லாவிட்டால் புழுவாவது இருக்கட்டும், போதாதா? டிபன் கேரியரை சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஆஸ்டின் டவுனுக்கு மிதித்தேன். அங்கே வீட்டுக்கு வீடு கறிவேப்பிலை உண்டு.

முதல் வீட்டில் கதவைத் தட்டினேன். "அம்மா, உங்க வீட்டுக் கறிவேப்பிலையில புழு இருக்கா?"

"எங்க வீட்லயா? எவ சொன்னா? அந்த எதிர்வீட்டுக்காரியா?"

எதிர்வீட்டில், "அவ அனுப்பினாளா உன்ன? மொதல்ல அவ மரத்தப் போயிப் பாரு!" என்று சத்தம். நான் தெருமுனை தாண்டுவதற்குள் இரண்டு பேரும் வாசலுக்கு வந்து, கறிவேப்பிலையை விட்டுவிட்டு, போன வருஷத்துக் குழாயடிச் சண்டைக்குப் போயிருந்தார்கள்.

அடுத்த தெருவில் ஒரு கன்னடத்து அம்மாள், "ஏன்ரீ, ஹுளு பேக்கா நிமகே?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம், புழுதான் வேண்டும் என்றேன். குடும்பமே வெளியே வந்து என்னை வேடிக்கை பார்த்தது. ஆனால் அள்ளிக் கொடுத்தார்கள். மேலடுக்கு நிறைந்தது. தினமும் வரச் சொன்னார்கள்.

இருட்டுவதற்குள் புழுக்களை மரத்தில் குடியேற்றினேன். கூட்டத்தில் ஒரு கம்பளிப்பூச்சியும் வந்திருந்ததை என் கழுத்து எனக்குச் சொன்னது.

ஞாயிறு காலை. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மேட்ரன் கிளையை வளைத்துப் பார்த்தார். கூடுகள் இல்லை. நான் குடியேற்றிய புழுக்களும் புகையிலை நெடி பொறுக்காமல் காலிசெய்துவிட்டிருந்தன. கம்பளிப்பூச்சி மட்டும் இருந்தது. பக்கத்தில் நான், சொறிந்துகொண்டு.

மேட்ரன் இலையை முகர்ந்தார். "தம்பி, நீங்க புகையிலை போடுவீங்களா?"

"நான் போடறதில்லம்மா. மரத்துக்குத்தான் போட்டேன்."

அவர் எங்கள் அறைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். வாசலில் நின்ற சரோஜா உள்ளே போனாள். (பெட்டியைக் கட்டத்தான்.)

அப்போது ஒரு சிறுமி கத்தினாள். "ஆன்ட்டி! இங்க பாருங்க, ஒண்ணு அசையுது!"

எங்கள் கதவருகே ஆணியில் என் கறுப்புக் குடை தொங்கியது. மழைக்காலம் முடிந்ததிலிருந்து அங்கேதான். "அதத் தூசி தட்டி உள்ள வைங்க" என்று சரோஜா வாரக்கணக்கில் சொல்லி அலுத்திருந்தாள். குடைத்துணியின் மடிப்பில் ஒரு கூடு. நான் புகையிலை காய்ச்சுவதற்கு முன்பே ஏதோ ஒரு புத்திசாலிப் புழு மரத்தை விட்டு இறங்கி வந்திருக்கிறது. ஊரார் தோட்டத்தைத் துப்புரவாக்கிய நான் என் குடையைத் தொடவில்லை.

கூடு பிளந்தது. பிழிந்துபோட்ட துணி மாதிரி சுருங்கிய இறக்கைகளோடு ஒன்று வெளியே வந்து தொங்கியது. மேட்ரன் மூட்டுவலியை மறந்து மண்டியிட்டார். பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. நானும் சொறியவில்லை. இறக்கை மெல்ல விரிந்து, காய்ந்து, கறுப்பும் மஞ்சளுமாக ஒரு தடவை அடித்து, நேராக ஜீனியாவுக்குப் போயிற்று.

பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். மேட்ரன் சுவரைப் பிடித்து எழுந்தார்.

"தம்பி, இந்த காம்பவுண்டுல நீங்க சுத்தம் பண்ணாம விட்ட ஒரே எடம் இதுதானா?"

"ஆமாம்மா."

"அப்ப இருங்க. ஆனா இனிமே எதையும் சுத்தம் பண்ணாதீங்க."

எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த அறையில்தான் பிறந்தார்கள். குடை அந்த ஆணியிலேயே இருக்க வேண்டும் என்று மேட்ரன் உத்தரவு; அடுத்த மழைக்கு நனைந்துகொண்டே ஆபீஸ் போனேன்.

இப்போதும் நான் மார்க்கெட்டிலிருந்து கறிவேப்பிலையோடு வந்தால், பேரப்பிள்ளைகள் காதில் விழும்படி சரோஜா கேட்கிறாள்: "புழு இருக்கான்னு கேட்டு வாங்கினீங்களா?"

நான் குடையைத் தூசி தட்டாமல் ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன்.