நடுவில் வைத்தால் தகர டப்பா

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம், தாங்கள் மகளுக்குக் கொடுத்தனுப்பிய பேஸ் கிட்டார் உட்பட. கடைசியாகச் சொன்னதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, கடந்த செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, நான் ஓய்வு பெற்ற நாள் முதல் அலமாரியில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை வெளியே எடுப்பதென்று முடிவாயிற்று. ஆலோசனையில் கலந்துகொண்டவன் நான் மட்டுமே.

காரணம் இது. அந்தக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்க முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு பிக்கப்புகள் இருப்பது தாங்கள் அறிந்ததே. ஸ்விட்சை மேலே தள்ளினால் முன்னது, கீழே தள்ளினால் பின்னது, நடுவில் வைத்தால் இரண்டும். "மாமா, மேலயும் கீழயும் நல்லாத்தான் இருக்கு. நடுவுல வச்சா மட்டும் தகர டப்பாவைத் தட்டுற மாதிரி மெலிஞ்சு போயிடுது" என்றாள் மருமகள். சனிக்கிழமை கச்சேரி. இன்னொரு தடவை தகர டப்பா கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பாட்டுக்காரர் சொல்லிவிட்டாராம்.

பழுது பார்க்கும் கடைக்காரரைப் போனில் பிடித்தேன். "ஒண்ணுக்கொண்ணு எதிரா வேலை செய்யுது சார். ஒரு பிக்கப்போட ரெண்டு ஒயரை இடம் மாத்திப் பத்த வைங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்றார். பின் பிக்கப்பைப் போன வருடம் தாங்களே தங்கள் கையால் மாற்றியதாக மருமகள் சொன்னாள். அதற்கும் இதற்கும் தொடர்பிருப்பதாக நான் நினைக்கவில்லை, கடைக்காரர்தான் நினைக்கிறார். ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. நடுவில் வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடத்தான் வேண்டுமாம்! முப்பத்தொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். மேலே போவதும் கீழே போவதும் ஒரே நேரத்தில் ஓடினால் என்ன ஆகும் என்று அவருக்கு விளக்கினேன். "இதுல யாரும் ஏற மாட்டாங்க சார்" என்று போனை வைத்துவிட்டார். என் மனைவியும், "லிஃப்டைத் தவிர உங்களுக்கு என்னங்க தெரியும்? பேசாம மூடி வைங்க" என்றாள். மூடி வைக்க முடியாது, ஏனென்றால் அதற்குள் நான்கு ஸ்க்ரூவில் ஒன்று சோபாவுக்கு அடியில் போயிருந்தது. புதன்கிழமை மேல் கீழாயிற்று, கீழ் மேலாயிற்று. வியாழக்கிழமை 'ங்ங்' என்று ஓர் இரைச்சல். குமிழ்களின் உலோகத் தகட்டில் கை வைத்தால் நின்றது, எடுத்தால் வந்தது, அதனால் என் மனைவி அதன்மேல் கை வைத்தபடி இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தாள், கச்சேரிக்கும் கூட வர வேண்டுமா என்று கேட்டாள். எர்த் ஒயர் கழன்றிருந்தது. கழற்றியது யார் என்ற விசாரணைக்கு முழு ஒத்துழைப்பு கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை, முறைப்படி, மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் நிறுத்தம் என்று ஒயர்களைப் பற்றவைத்து முடித்தேன். மருமகள் இன்று, சனிக்கிழமை, வேலையிலிருந்து நேரே அரங்குக்குப் போவதால், "இனி நடுவில் தகர டப்பா கேட்காது" என்று உறுதி கொடுத்துக் கிட்டாரைக் கையோடு அனுப்பினேன். ஆகவே கவலை வேண்டாம். தங்கள் குடும்பமும் தாங்கள் பழுது பார்க்கும் பொருள்களும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: ஞாயிறு மாலை. நேற்றே தபாலில் சேர்க்கச் சோம்பல். மூன்றாவது பாட்டில் மருமகள் ஸ்விட்சை நடுவில் வைத்தாளாம். தகர டப்பா கேட்கவில்லை. எதுவுமே கேட்கவில்லை. பாட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள் மேலே தள்ளி வாசித்து முடித்திருக்கிறாள். "டப்பாவும் போச்சா! பரவால்லம்மா, பதறாம சமாளிச்சியே. அடுத்த மாசமும் நீதான்" என்றாராம். இன்று காலை கடைக்காரர் எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே அந்த இரண்டு ஒயர்களை இடம் மாற்றினார், நடுவுக்கு இரண்டு பிக்கப்புகளையும் திருப்பிக் கொடுத்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஸ்க்ரூடிரைவர் இப்போது மருமகளுடைய கிட்டார் பையில் இருக்கிறது.