பல் டாக்டர் நாற்காலியில் சிலிண்டர் ஹெட்

பல் டாக்டரின் நாற்காலியில் அன்றைக்குப் படுத்திருந்தது ஒரு காரின் சிலிண்டர் ஹெட். அதன் கீழே நோயாளிகளுக்குக் கட்டுகிற நீலத் துணியை விரித்து, விளக்கை இழுத்துக் கிட்டே வைத்து, டாக்டர் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தார். கையிலிருந்த மரக்குச்சி படக்கென்று உடைந்தது. காலையிலிருந்து உடைந்த குச்சிகள் ஒரு தட்டு நிறையக் கிடந்தன.

"விடுவேனாங்குதே!" என்றார் டாக்டர். "கேஸ்கெட் போயிடுச்சுன்னு மெக்கானிக் சொன்னான். போனதா இது? கல்லு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு."

"ஓட்டை வண்டில எல்லாமே அப்படித்தான் மாமா," என்றான் மச்சினன். நோயாளிகள் காத்திருக்கும் சோபாவில் கால் நீட்டிக்கொண்டு, பிஸ்கட்டைக் காபியில் ஊறவைத்து, கூழாக்கி, ஒரே பக்கமாக மென்றுகொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். ஒரு வாரமாகக் காலையில் காரைக் கிளப்பினால் வெள்ளையாகப் புகை வருகிறது என்று டாக்டரின் மனைவி சொன்னாள். "இந்தக் குளிருக்கு எல்லா வண்டியும் அப்படித்தான் விடும்," என்றார் டாக்டர். அவள் கேட்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் மூடியைத் திறந்தார், மோந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சுக்கா."

இன்ஜினின் உடம்புக்கும் அதன் தலைமூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற தகடுதான் கேஸ்கெட். புதுசு போட வேண்டுமானால் பழசின் துணுக்குகூட இல்லாமல் இரண்டு பக்கத்தையும் சுரண்டியாக வேண்டும். காலையில் வந்து எல்லாவற்றையும் பிரித்துப் போட்ட மெக்கானிக், "எனக்கு வேற இடத்துல அவசர வேலை. சாயந்திரம் வந்து மாட்டுறேன். அதுக்குள்ள யாராவது சுத்தம் பண்ணி வெச்சிடுங்க," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறினார். "கீறல் மட்டும் விழக்கூடாது. அலுமினியம். பிசுக்கு இருக்கக்கூடாது, ஓட்டைக்குள்ள தூசி போகக்கூடாது."

மச்சினன் அப்போதே சிரித்தான். "யாராவதுன்னா மாமாவா? மாமாவுக்கு அடுத்தவன் வாயைத் தவிர என்ன தெரியும்? பேசாம எடைக்குப் போடுங்க. சாயந்திரம் நானே கயிறு கட்டி இழுத்துட்டுப் போறேன்."

"அதானே, உங்களால முடியுமா?" என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள். டாக்டருக்குச் சுருக்கென்றது. அந்தக் காரில்தான் அவள் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர் கடவுளைக் கூப்பிடக் கற்றுக்கொண்டார். அதை எடைக்குப் போடுவதா?

"முடியும்!" என்றார்.

"முடிஞ்சு, வண்டி ஓடிடுச்சுன்னா நீ என்னடா பண்ணுவ?" என்று மனைவி தம்பியைக் கேட்டாள்.

"இதே நாற்காலில படுத்து மாமாகிட்ட வாயைத் திறக்கிறேன், போதுமா?" என்று அவன் பெரிதாகச் சிரித்தான். சிரித்த வேகத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான். கேட்டால் காது வலி என்பான். மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவன், பல் டாக்டர் போர்டைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். அவன் அம்மாவும் அப்படியே. பரம்பரைப் பயம்.

சரி, குச்சிக்கு மசியவில்லை. மனைவியின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை வாங்கி டாக்டர் தாராளமாக ஊற்றினார். மசிந்தது. மசிந்து, கருப்புக் குழம்பாகி, இருக்கிற ஓட்டை அத்தனைக்குள்ளும் இறங்கியது.

"ஐயையோ!" என்று எச்சில் உறிஞ்சும் குழாயை உள்ளே விட்டார். குழாய் இரண்டு மடக்குக் குடித்தது, விக்கியது, நின்றது. குடித்ததையெல்லாம் வாய் கொப்பளிக்கும் தொட்டியில் கக்கியது. தொட்டி அடைத்துக்கொண்டு வழிந்து, வெள்ளைத் தரையில் ஓடியது.

"மாமா, பேஷண்டுக்கு வாந்தி!" என்றான் மச்சினன்.

கோபத்தில் டாக்டர் காற்றுக் குழாயை எடுத்து ஓட்டைகளுக்குள் பீய்ச்சினார். உள்ளே ஒளிந்திருந்த எண்ணெயும் தண்ணீரும் ஒன்றாகக் கிளம்பின. பாதி அவருடைய கண்ணாடிக்கு. மீதி சுவருக்கு. அங்கே பல்வரிசை காட்டிச் சிரித்துக்கொண்டிருந்த படத்துப் பெண்ணுக்கு முன்பல் இரண்டும் சொத்தையாயின. மச்சினனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மனைவி எட்டிப் பார்த்தாள். துடைப்பத்தை வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டாக்டர் தரையைத் துடைத்தார். கண்ணாடியைக் கழுவினார். நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து ஹெட்டை உற்றுப் பார்த்தார். முழுக்கக் காறை பிடித்த வாய். இந்த மாதிரி ஒரு வாய் வந்தால் திரவத்தை ஊற்றி, காற்றைப் பீய்ச்சியா வைத்தியம் பார்ப்போம்? அவருக்கே வெட்கமாக இருந்தது.

எழுந்துபோய் அலமாரியின் அடித்தட்டைத் திறந்தார். உலோகத்தில் செயற்கைப் பல் பொருத்தியவர்களுக்கென்று தனியாக ஒரு கருவி உண்டு. பிளாஸ்டிக் முனை. காறையைச் சுரண்டும், உலோகத்தைக் கீறாது. காலையிலிருந்து அது இங்கேதான் இருந்திருக்கிறது!

டாக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். முதலில் ஓட்டைகளைக் கழுவி, பஞ்சு வைத்து அடைத்தார். பிறகு மூலையில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக, கை அழுத்தாமல், வாய்க்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சுரண்டினார். பழைய கேஸ்கெட் ஏடு ஏடாக எழுந்து வந்தது. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போய், காருக்குள் இருந்த இன்ஜினின் முகத்தையும் அதேபோல் சுரண்டினார். திரும்பி வந்து ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்தபோது, அதில் அவர் முகமே தெரிந்தது.

"பளபளங்குதே!" என்று மச்சினன் எழுந்து வந்து, பிஸ்கட் கையால் நடுவில் ஒரு தடவு தடவினான்.

"கையை எடுடா!" டாக்டர் போட்ட சத்தத்தில் அவன் சோபாவுக்கே போய்விட்டான். அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து மாமா குரலை உயர்த்தி அவன் கேட்டதில்லை.

மறுபடி ஸ்பிரிட். மறுபடி துடைப்பு. பஞ்செல்லாம் வெளியே எடுத்தாயிற்று.

சாயந்திரம் மெக்கானிக் வந்தார். இரும்புச் சட்டத்தை ஹெட்டின் மேல் வைத்து, மெல்லிய தகடு ஒன்றை இடுக்கில் விட்டுப் பார்த்தார். மேடுபள்ளம் இருந்தால் நுழையும்; நுழையவில்லை. குறுக்கே வைத்துப் பார்த்தார். அங்கேயும் இல்லை.

"டாக்டர், எங்க பட்டறைலகூட இப்படிப் பண்ண மாட்டோம்," என்றார்.

முப்பத்திரண்டு பல்லையும் கட்டிக்கொண்டு போன எந்த நோயாளியும் டாக்டரிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

புது கேஸ்கெட் உட்கார்ந்தது, ஹெட் ஏறியது, போல்ட்டுகள் வரிசைப்படி இறுகின. மனைவி சாவியைத் திருப்பினாள். ஒரு இருமல். அப்புறம் தேனீக்கூட்டம் மாதிரி ஒரே சீரான சத்தம். பொட்டுப் புகை இல்லை. டாக்டர் வாசலிலேயே ஒரு குதி குதித்தார்.

மச்சினன் நைசாகச் செருப்பைத் தேடினான். செருப்பு அக்காவின் கையில் இருந்தது.

"சொன்ன சொல்லு என்னாச்சுடா?"

அரைமணி கழித்து டாக்டர் வெளியே வந்தார். கையில் தட்டு, தட்டில் வேர் வரைக்கும் அழுகிப்போன ஒரு கடைவாய்ப்பல். கோப்பையைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி அதைத் தூக்கிக் காட்டினார். பின்னால் வந்த மச்சினனுக்கு வாய் நிறையப் பஞ்சு. அவன் பேசாத முதல் நாள் அது.

"ஒரே நாள்ல ரெண்டு!" என்றார் டாக்டர். "மாப்ள, இனிமே மாமாவுக்கு என்ன தெரியும்னு கேப்பியா?"

மச்சினன் தலையை மட்டும் ஆட்டினான். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஸ்பானர்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் அவளிடம் திரும்பினார்.

"தம்பி பல்லுக்காக நல்லா இருந்த கேஸ்கெட்டைக் கழட்டினது இந்த ஒரு தடவையோட போகட்டும்க்கா, உங்க அம்மா பல்லுக்கு வேணும்னா வாஷிங் மெஷினைப் பிரிச்சுக்கலாம்!"