பிளேடு சார் சுரண்டிய வடிகட்டி

பக்கத்தில் நிற்பவர்கள் மூச்சு விடுவதற்கே அனுமதி கேட்க வேண்டிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். எங்கள் பிளேடு சார்.

எண்பதுகளின் தொடக்கம். ஏரிக்கு வடக்கே கிளம்பும் ராக்கெட்டின் சிக்னலைப் பிடிக்க, ஏரிக்குள் தீவாக இருந்த பசியாவரத்தில் கூடாரம் போட்டிருந்தோம். ரிசீவர் என் பொறுப்பு. பக்கத்திலிருந்த ரேடாரின் அலை அதன் காதை அடைத்துவிடும். நமக்கு வேண்டிய அலையை மட்டும் உள்ளே விட, சார் நான்கு மாதம் உட்கார்ந்து ஒரு வடிகட்டி செய்திருந்தார். உள்ளங்கையளவு பலகை, அதன்மேல் மயிரிழை இடைவெளியில் ஐந்து செம்புப் பட்டைகள். எந்த அலை நுழையலாம் என்பதைப் பட்டையின் நீளம் முடிவு செய்யும். நீளத்தைத் திருத்தத்தான் அவர் சட்டைப் பையில் எப்போதும் பாதி பிளேடு.

ராக்கெட் கிளம்பும் நாள் காலையில், சார் மடியில் ஒரு பெட்டியோடு, படகோட்டி ஏழுமலையின் படகில் ஏறினோம்.

"பொட்டில இன்னா சார் கீது?"

"வடிகட்டி" என்றார் சார்.

"டீ வடிகட்டவா?"

"அலையை வடிகட்ட."

"ஐயோ, ஏரில போட்டுடாத சார். அலை நின்னுட்டா படகு எப்படிப் போவும்?"

சார் சிரிக்கவில்லை. பட்டையில் தூசி இருக்குமோ என்ற சந்தேகம் வந்து, நடு ஏரியில் பெட்டியைத் திறந்தார். அதே நொடி படகு சாய்ந்தது. உப்புத் தண்ணீர் பலகைமேல் தெறித்தது.

ஏழுமலையின் குடிதண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கழுவினார். வேட்டி நுனியால் ஒற்றி வெயிலில் காட்டினார்.

கூடாரத்தில் மாட்டிப் பார்த்தபோது மணி பத்தரை. பதினொன்றுக்கு ராக்கெட். பலகை ஈரம் குடித்திருந்ததால் வடிகட்டி உள்ளே விடும் அலை எங்கள் அலைக்குக் கீழே இறங்கிவிட்டது. சோதனை அலை கொடுத்தும் மீட்டரின் முள் அசையவில்லை.

"பட்டையைக் குட்டையாக்கினா மேல ஏறும்" என்று பிளேடை எடுத்தார்.

"நாளைக்கு ஈரம் காய்ஞ்சா, சார்?"

"இன்னும் மேல போயிடும். குப்பைல போட வேண்டியதுதான். இன்னைக்கு வேலை செஞ்சா போதும். யாரும் மூச்சு விடாதீங்க."

முதல் பட்டையின் நுனியைச் சுரண்டினார். செம்புத் தூள் விழுந்தது. முள் அசையவில்லை. இரண்டாவது, மூன்றாவது. கொஞ்சம் அதிகமாகப் போனால் திரும்ப ஒட்ட நேரமில்லை. நான்காவதில் முள் லேசாகத் துடித்தது. அப்போது பார்த்து, வேடிக்கை பார்க்க வந்திருந்த ஏழுமலைக்குத் தும்மல் முட்டியது. மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். ஏரிக்கரையிலிருந்து வெடி போட்டது போல ஒரு சத்தம்.

சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாவது பட்டையில் ஒரே ஒரு கீறல். முள் ஏறி நின்றது.

ரிசீவரின் மூடியைத் திருகி முடிக்கவும் ராக்கெட் கிளம்பவும் சரியாக இருந்தது. சிக்னல் சுத்தமாக வந்தது. கடைசி விநாடிவரை பதிவில் ஒரு வரிகூட விடுபடவில்லை.

"இன்னா சார், ஜெயிச்சிட்டியா?" என்று ஏழுமலை தலையை நீட்டினான்.

"ம்" என்றார் சார். நான்கு மாத உழைப்பு ரிசீவருக்குள் காய்ந்து வீணாகிக்கொண்டிருந்தது.

யாரோ டீ கொண்டுவந்தார்கள். வாங்க நீட்டிய அவர் கை அப்படி நடுங்கியது. யாரும் பார்க்காதபடி நான் குறுக்கே நின்று டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து மெதுவாகக் குடித்தார்.