காபி இயந்திரத்துக்கு மேலே ஓர் ஓட்டை

"கொஞ்சம் இறுக்குன்னுதான் சொன்னேன் மச்சான். நீ கழுத்தை நெரிச்சு வெச்சிருக்க."

"கொஞ்சம்னா எவ்வளவுன்னு நீ சொல்லலையே."

"ஜாம் பாட்டில் மூடி எவ்வளவு இறுக்கணும்னு யாராவது சொல்லித் தர்றாங்களா?"

சமையலறை மேஜையில், பழைய போர்வைமேல் படுத்திருந்த துப்பாக்கியை டுவைட் திருப்பிப் பார்த்தான். கட்டையையும் இரும்பையும் சேர்த்துப் பிடிக்கும் திருகு, மரத்துக்குள் முகம் புதைத்துக் கிடந்தது. எதிரே டுவைட்டின் அக்கா கணவன் லைல், ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் திருப்புளி.

"சுவத்துல மாட்டியிருக்கிற ஓட்டையைப் போட்டது இதே துப்பாக்கிதானா?"

"இதேதான்," என்றான் லைல், மலையிடம்.

அந்த ஓட்டையைப் பார்க்காதவர்கள் மொன்டானாவின் அந்தச் சின்ன ஊரில் குறைவு. துப்பாக்கி கிளப்பில், காபி இயந்திரத்துக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த இலக்குத் தாள் தொங்கியது.

ஜூன் தொடக்கத்தில், லைலின் மனைவி கோரின் அலமாரியைக் காட்டி, "இதுல ஒண்ணுக்குத்தான் இடம். எதுன்னு நீயே முடிவு பண்ணு," என்று சொல்லிவிட்டாள். லைலிடம் இருந்த துப்பாக்கிகள் இரண்டு. இரண்டுமே விசையை இழுக்க இழுக்கத் தாமே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரகம். எது துல்லியமானது என்று பார்க்க, கிளப் மைதானத்தில் ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு சுட்டான்.

பழையது போட்ட ஐந்து ஓட்டைகளை ஒரு பிஸ்கட்டால் மூடிவிடலாம்.

புதியதில் முதல் குண்டு சுட்டதும், ஆற்றங்கரை மரங்களிலிருந்து பஞ்சு பறக்கத் தொடங்கியது. வெயிலில் பனி பெய்வதுபோல. லைல் தலையைத் தூக்கி ஒரு பஞ்சைக் கண்ணால் பிடித்தான். அது பக்கத்தில் சுடுகிறவர்களின் மேஜைகளைத் தாண்டி, வேலியைத் தாண்டி, மலைச்சரிவின் நீலத்தில் கரையும்வரை கூடவே போனான். திரும்பி வந்து, மிச்ச நாலையும் தூக்கத்தில் சுடுவதுபோலச் சுட்டான்.

தாளை எடுக்கப் போனபோது, நட்டநடுவில் ஓர் ஓட்டை. ஒன்றே ஒன்று.

டுவைட் அதில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தான். "ஓரம் லேசா கிழிஞ்சிருக்கு பாரு. அஞ்சும் ஒரே வழியா போயிருக்கு."

பழையது அன்றைக்கே டுவைட் வீட்டுக்குப் போனது. பதிலுக்குப் பாதி எல்க் மான் லைலின் ஃப்ரீசருக்கு வந்தது. கிளப்காரர்கள் தாளைச் சட்டம் போட்டார்கள். மாவட்டப் போட்டிக்கான அணியில் காலியாக இருந்த நாலாவது இடத்தை லைலுக்கே கொடுத்தார்கள்.

லைல் எந்த அணியிலும் இருந்தவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் விளையாடும்போது அவர்களுடைய கோட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றவன். இப்போது கண்ணை மூடினால், ஐந்து குண்டுகள் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரே வாசல் வழியாக வரிசையாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தன.

கண்ணைத் திறந்தால் அந்த வாசல் எங்கேயும் இல்லை. மறுநாள் சுட்டதை மூட ஒரு தட்டு தேவைப்பட்டது.

குழலில் அழுக்கு என்று டுவைட் சொன்னான். பளபளவென்று துடைத்தார்கள். பெரிய தட்டு தேவைப்பட்டது.

"ரொம்பத் துடைச்சிட்ட மச்சான். இந்தக் குழலுக்குக் கொஞ்சம் அழுக்கு வேணும்."

தோட்டாவை மாற்றினார்கள். மாற்றியதை மாற்றினார்கள். திருகை இறுக்கினார்கள், தளர்த்தினார்கள். கடைசியில், கட்டைக்குள் இரும்பு ஆடுகிறது என்று டுவைட் கண்டுபிடித்தான். இடைவெளியில் பசை ஊற்றி இரும்பை அதில் உட்கார வைத்தால், பசை அதன் அச்சுப்படியே மெத்தைபோல உறைந்துவிடும். பிறகு இரும்பைத் தனியாகக் கழற்றிக்கொள்ளலாம்.

இரவே ஊற்றினார்கள். காலையில் இரும்பு கழலவில்லை.

"மெழுகு தடவினியா?" என்றான் டுவைட்.

"எதுல?"

"இரும்புலதான். பசை ஒட்டாம இருக்க."

"நீ சொல்லலையே."

டுவைட் துப்பாக்கியைத் தூக்கி ஒருமுறை உலுக்கிப் பார்த்தான். பிறகு, குளிரில் இரும்பு சுருங்கும் என்றான்.

அன்று மாலை கோரின் ஃப்ரீசரைத் திறந்தாள். பட்டாணிப் பைக்கும் எல்க் இறைச்சிக்கும் நடுவே, வாயில் துணி அடைத்த துப்பாக்கி ஒன்று உறங்கிக்கொண்டிருந்தது.

"இது எத்தனை மணி நேரம் வேகணும்?" என்று கேட்டாள்.

"கழட்டத்தான் வெச்சோம்."

"அலமாரியில இடமில்லைன்னுதானே சொன்னேன். ஃப்ரீசர்ல இருக்குன்னா சொன்னேன்?"

இரும்பு கழன்றது. கூடவே கட்டையில் ஒரு சில்லும் பெயர்ந்தது. திரும்பச் சேர்த்துச் சுட்டபோது, ஐந்தில் மூன்றுதான் தாளிலேயே விழுந்தன.

"பழையதைத் திருப்பிக் குடு," என்றான் லைல்.

"மானைத் திருப்பிக் குடு."

"பாதி தின்னாச்சு."

"அப்ப பாதித் துப்பாக்கி தர்றேன். முன்பக்கமா, பின்பக்கமா?"

சனிக்கிழமை வந்தது. போட்டி மைதானத்தின் சரளைக்கல் தரையில், லைல் தன் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காற்றில் பஞ்சு இல்லை. அந்த வாசல் இன்றைக்கு ஒரே ஒருமுறை திறந்தால் போதும் என்று நினைத்தான்.

"லைல், ஒரு நிமிஷம் இருக்குமா?"

பள்ளிப் பேருந்து ஓட்டும் வாண்டா. கிளப்பில் எப்போதும் லைலுக்குப் பக்கத்து மேஜை அவளுடையது. அதிகம் பேசாதவள். கையில் நாலாக மடித்த இலக்குத் தாள் ஒன்று இருந்தது.

"ரொம்ப நாளா என் துப்பாக்கியைக் கழட்டிக் கழட்டி மாட்டிட்டு இருந்தேன். ஒரு தடவை இழுத்தா ரெண்டா சுடுதுன்னு நினைச்சேன். கடைக்காரர் எல்லாம் சரியாத்தான் இருக்குங்கிறாரு."

"என்னோடதுக்கும் ஏதோ பிடிச்சிருக்கு," என்றான் லைல் பரிவோடு.

"நேத்து காபி எடுக்கப் போனப்பதான் சுவத்துல இருக்கிற உங்க தாளை நின்னு பார்த்தேன். கீழே எழுதியிருந்த தேதியையும்."

அவள் தன் தாளை விரித்து அவன் மடியில் வைத்தாள். நடுவில் ஐந்து ஓட்டைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கூட்டமாக இருந்தன. அவற்றைச் சுற்றி, நாலு மூலைக்கும் வழி தவறிப் போனவைபோல, இன்னும் நாலு.

"இதுவும் அன்னைக்குச் சுட்டதுதான். நான் சுட்டது அஞ்சு லைல், தாள்ல இருக்கறது ஒம்பது. இதைக் காட்டினா அணியில எனக்கு இடம் தர்றேங்கிறாங்க, ஆனா மிச்சம் நாலு யாரோடதுன்னு சம்பந்தப்பட்டவரே சொல்லணுமாம். ஓரமா ஒரு கையெழுத்து போட்டுத் தர்றீங்களா?"