கால்சட்டையில் ஒரு கள்ளப்பை

பெண்டாட்டிக்கு இது தெரியவே கூடாது என்று தையல்காரர் முடிவு கட்டிவிட்டார். தெரிந்தால் உடைந்துபோவாள். பெற்றவள் அல்லவா, தாங்குவாளா? மகனை மீட்கும் வேலையை, வாயைத் திறக்காமல், தான் ஒருவரே கமுக்கமாக முடித்துவிடுவது என்று தையல் மெஷின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்துகொண்டார்.

வாயைத் திறக்காமல் என்பதுதான் இதில் ஆச்சரியம். தெருவில் அவருக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர். நூல் அறுந்தால் கத்துவார். டீ ஆறினால் கத்துவார். மகன் கணக்கில் ஃபெயிலான அன்று அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கைக்குழந்தை எழுந்து உட்கார்ந்துவிட்டது. அப்பேர்ப்பட்ட மனிதர்!

நடந்தது இதுதான். வீட்டு முன்னறைதான் அவருடைய கடை. பத்தாவது படிக்கும் மகனின் பேண்ட்டை நீளமாக்கித் தரச் சொல்லி மனைவி கொண்டுவந்து போட்டாள். பையன் உயரமாகியிருந்தான், இடுப்போ சுருங்கியிருந்தது. அதையும் பிடித்துவிடலாம் என்று பேண்ட்டை உள்பக்கம் திருப்பினார். இடுப்புப் பட்டிக்கு அடியில், தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு கள்ளப்பை. அதற்குள் காகிதத்தில் மடித்த வெள்ளை மாத்திரைகள்.

மகன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் இப்படி மாத்திரையும் கையுமாக ஒரு பையன் பிடிபட்டதும், இன்னொருவன் கழிப்பறையில் நுரை தள்ளிக் கிடந்ததும் ஊருக்கே தெரியும். இவர் மகனும் கொஞ்ச காலமாகப் பந்தாடப் போவதில்லை. கண் குழி விழுந்திருந்தது. சாப்பாட்டுத் தட்டையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வயசுக் கோளாறு என்று இவர் விட்டுவிட்டார். போதை மாத்திரையா! தன் பிள்ளையா! கத்துவதற்கு வாயைத் திறந்தவர், அப்போதுதான் மனைவியை நினைத்து மூடிக்கொண்டார்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. ஊசி குத்திடுச்சு."

"ஊசி குத்தினா தெருவையே கூட்டுவீங்களே?"

"வயசாகுதில்ல? பொறுமை வந்துடுச்சு."

"வரட்டும், வரட்டும். வந்ததை விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

நேரே மருந்துக் கடைக்கு ஓடினார். மாத்திரையைக் காட்டினால் மானம் போய்விடும். அதனால் வாயாலேயே அடையாளம் சொன்னார்.

"உருண்டையா, வெள்ளையா, ஆனா உடம்புக்கு ஒண்ணும் பண்ணாததா ஒரு மாத்திரை குடுங்க."

"எங்க கடையில பாதி அப்படித்தான் அண்ணே" என்ற மருந்துக் கடைக்காரர் கால்சியம் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார்.

தினமும் காலையில் பையன் குளிக்கப் போனதும், கள்ளப்பையில் இருப்பதை எடுத்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, கால்சியத்தை மடித்து வைப்பார். ஒன்றைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. பையைத் தைத்திருந்த லட்சணம்! கோணல் மாணலாக, பல்லை இளித்துக்கொண்டு ஒரு கைத்தையல். "தச்சவன் கையில இடி விழ" என்று திட்டிக்கொண்டே முதல் நாளே பிரித்து, மெஷினில் ஓட்டிக் கொடுத்தார். பிள்ளை போதை மாத்திரை ஒளித்துவைக்கும் பைக்கு இரட்டைத் தையல் போட்ட தகப்பன் உலகத்திலேயே இவராகத்தான் இருக்கும்.

பிறகு வந்த நாட்கள் கொடுமை. பையனுக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. தண்ணீர் டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கிப் பாதி தரையில் சிந்தியது. சாயங்காலமானால் வாந்தி. மாத்திரையை மாற்றியதால்தான் இந்தப் பாடு என்று இவருக்கு மட்டும் தெரியும், யாரிடம் சொல்வது? பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் என்ற பயத்தில் ஒரு வார்த்தை பேசமாட்டார். பையன் தலையைப் பிடித்துவிட்டு, கடைக்கு வந்து, ஊசியில் நூல் கோர்க்கிற சாக்கில் அழுவார். வீடு கப்சிப் என்று இருந்தது. செத்துவிடுவானோ என்று கூட ஒரு நாள் நினைத்தார்.

சாகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டு நிறையச் சாப்பிட்டான். "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றான். போய்ப் படுத்தவன் நிம்மதியாகத் தூங்கிவிட்டான். தையல்காரருக்கு மார்பு விம்மியது. இனிமேலும் அடக்கினால் வெடித்துவிடுவார். சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி எதிரில் போய் உட்கார்ந்தார்.

"மனசைத் திடப்படுத்திக்க. ஒரு விஷயம் சொல்லணும்."

"மாத்திரை விஷயம்தானே?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உனக்கெப்படித் தெரியும்?"

"அந்தப் பையைத் தச்சதே நான்தான்."

"நீயா! இத்தனை வருஷமா என் கடைக்குக் கைவேலை பண்றவ, அவ்வளவு கோணலாவா தைப்பே?"

"வேணும்னேதான் தச்சேன். கோணல் தையலைக் கண்டா உங்க கை சும்மா இருக்காது. மெஷின் தையல் விழுந்தா நீங்க பார்த்துட்டீங்கன்னு அர்த்தம். இடி விழன்னு திட்டினதும் காதுல விழுந்துச்சு."

"அப்போ அந்த மாத்திரை?"

"என் முழங்கால் வலிக்குப் போடற கால்சியம். தினம் நான் வைக்க, நீங்க சாக்கடையில கொட்ட. உங்க கால்சியத்தை எடுத்து நான் முழுங்கிட்டேன். நீங்க வர வசதியா, அஞ்சு நிமிஷம் கூடக் குளிடான்னு அவன்கிட்டயும் சொல்லி வச்சேன்."

"ஐயோ! அப்போ அவன் போதை மாத்திரையே போடலையா?"

பட்டன் தைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"போட்டான்ங்க. மாசக்கணக்கா போட்டிருக்கான். நான்தான் கண்டுபிடிச்சு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். விட்டா கை நடுங்கும், வாந்தி வரும்னு சொல்லி டாக்டர் அதுக்கு மருந்தும் குடுத்தாரு. ஆனா வீட்டுல யாரும் கத்தவே கூடாதுன்னுட்டாரு. கத்தாதீங்கன்னு உங்ககிட்ட சொன்னா, அதுக்கும் கத்துவீங்க. என்கிட்டயிருந்து மறைக்க ஒரு ரகசியம் கிடைச்சாதான் உங்க வாய் மூடும். குடுத்தேன்."

"என் பிள்ளைடி அவன்! என்கிட்ட ஒரு வார்த்தை..." குரல் ஏறியது. அவள் சட்டென்று அவர் வாயைப் பொத்தினாள்.

"முதல் மாத்திரையை எதுக்குடா போட்டேன்னு டாக்டர் கேட்டாரு."

"எந்தப் பயலாவது குடுத்திருப்பான்" என்றார் அவள் கைக்குள்ளேயே.

"யார் குடுத்தான்னு கேக்கல. எதுக்குப் போட்டேன்னு கேட்டாரு. அப்பா சத்தம் கேக்காம தூங்கறதுக்குன்னு சொன்னான்."

அவள் கையை எடுத்துவிட்டாள். தையல்காரர் எழுந்தார். பிள்ளை தூங்கும் அறையின் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இப்ப நான் என்னடி பண்ணணும்?" என்று கடைசியில் கேட்டார். அது அவர் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அவனை அடுத்த மாசம் கூட்டிட்டு வந்தா போதுமாம். நாளைக்கு நோயாளி நீங்கதான்."