வெர்னா எல்லோரோடும் ஆடினாள்

எந்த ஆட்டத்துக்கு யார் ஜோடி என்று ஆண்கள் பெயர் எழுதிவைக்கும் ஆட்ட அட்டை வெர்னாவின் மணிக்கட்டில் தொங்கியது; அதில் ஒரே ஒரு வரிதான் காலியாக இருந்தது. அதற்கும் பென்சிலும் கையுமாகப் பல் டாக்டர் நார்மன் வந்து நின்றார்.

"கடைசி ஆட்டம் யாருக்குங்க?"

மற்ற வரிகளிலெல்லாம் யார் யாரோ பெயர் எழுதிவிட்டார்கள். எழுத வேண்டிய ஒரே ஆளான மெர்வின், இரவல் வால்கோட்டில், எலுமிச்சை கேக் மேசையருகே சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

நார்மனை வேண்டாமென்று சொல்லவும் வழியில்லை. நாவலாசிரியை ஆரபெல்லா கிரைண்டன் போய்ச் சேர்ந்து இருநூறு வருஷம் ஆகிறது. ஆனால் டுலூத் நகரத்து கிரைண்டன் வாசகர் சங்கத்தின் வருடாந்திர நடன விருந்தில் அந்த அம்மாள் காலத்துச் சட்டம்தான் இன்றும் செல்லும். பெண் போய் ஆணை ஆடக் கூப்பிடக் கூடாது. வந்து கேட்பவரில் ஒருவரை மறுத்தாலும் அன்று முழுக்க வேறு யாரோடும் ஆடக் கூடாது. சுவரோரம் உட்கார வேண்டியதுதான்.

மூன்று வருஷமாக வெர்னா அப்படித்தான் உட்கார்ந்தாள். மெர்வின் கேட்பார் என்று நம்பி, முதலில் வந்த ஆளை மறுப்பாள். உடனே சட்டம் பாயும். பாவம் பார்த்தோ என்னவோ, மெர்வின் பக்கத்து நாற்காலிக்கு வந்துவிடுவார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற மனுஷர். கிரைண்டன் கதாநாயகிகளின் அசட்டுத்தனத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் வெர்னாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வரும். கணவர் இறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்தது அந்த நாற்காலியில் மட்டும்தான்.

ஆனால் வீட்டுக்குப் போனதும் ஏக்கம் பிடுங்கித் தின்னும். ஒரே ஒரு தடவை அந்தக் கை தன் கையைப் பிடித்துச் சுற்றக் கூடாதா? நாமே மறுத்து நாமே கெடுத்துக்கொண்டோமே என்று தலையணையிடம் புலம்புவாள். அதனால்தான் இந்த வருஷம் யாரையும் மறுப்பதில்லை என்று சபதம். அதன் பலன், வந்தவர் போனவரெல்லாம் அட்டையில் ஏறிவிட்டார்கள்.

"அதுக்கு... ஆள் இருக்கு டாக்டர்," என்றாள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் 'கர்னல் ப்ளம்லி' என்று தானே கிறுக்கிவைத்தாள். இல்லாத கர்னல் ஆட வரப்போவதில்லை. அந்த நேரத்துக்கு மெர்வின் வரலாமே.

கெட்ட நேரம், சங்கத் தலைவர் கிளிஃபர்ட் அட்டையை எட்டிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர், எந்தக் கிறுக்கலையும் படித்துவிடுவார்.

"கர்னலா? நம்ம விருந்துக்கா? சொல்லவே இல்லையே!" என்றவர் நேரே மேடையேறிவிட்டார். "கர்னல் ப்ளம்லி எங்கிருந்தாலும் முன்னால வாங்க! எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க!"

எல்லோரும் தட்டினார்கள். கர்னல் வரவில்லை. மெர்வின் மட்டும் திரும்பி வெர்னாவை ஒரு மாதிரி பார்த்தார்.

"அவரால வர முடியலையாம்," என்று முணுமுணுத்தாள் வெர்னா.

"கர்னல் கைவிட்டா என்ன, சங்கம் கைவிடுமா? கடைசி ஆட்டம் என்னோடதான்!" கிளிஃபர்ட் நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

போயிற்று. இனி விபத்துதான் கதி. விபத்து மறுப்பாகாது, ஓர் ஆட்டம் காலியாகும், மெர்வின் கண்ணில் படும்படி சும்மா நிற்கலாம். ஒரு கோப்பைப் பழரசத்தை எடுத்துத் தன் கவுனில் தானே ஊற்றிக்கொண்டாள்.

விழாக் குழுப் பெண்கள் பாய்ந்து வந்தார்கள்.

"கர்னல் ஏமாத்துனதே போதும், இது வேறயா? அழாதடி!"

"நான் அழலை, விடுங்க..."

"சும்மா இரு. ஊக்கு எங்க? விசிறி எங்க?"

துடைத்து, உலர்த்தி, கறை தெரியாமல் மடித்துக் குத்தி, அடுத்த தாளம் தொடங்குமுன் அவளைக் கூடத்துக்குள் தள்ளிவிட்டார்கள். கர்னல் கைவிட்ட பெண் என்று ஊரே இரக்கப்பட்டது. இடைவேளையில்கூட ஒரு கிழவர் வந்து அவளைச் சுற்றிவிட்டுப் போனார்.

சுற்றுகிற சுற்றில் மெர்வினைக் கடக்கும்போதெல்லாம் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக் காட்டினாள். பாருங்கள், யாரையும் மறுக்கவில்லை, நீங்களும் வாங்களேன் என்று அதற்கு அர்த்தம். மெர்வின் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசி ஆட்டத்தில் கிளிஃபர்ட் இரண்டு காலையும் மிதித்தார். வெர்னாவுக்கு அது உறைக்கவே இல்லை. கேக் மேசையருகே ஆளில்லை.

கோட்டு வைக்கும் அறைக்கு ஓடினாள். அங்கே காவலுக்கு இருந்தது மெர்வினின் தங்கை இங்கிரிட்.

"உங்க அண்ணன் எங்க?"

"அப்பவே கிளம்பிட்டாரே. முகமே சரியில்லை."

வெர்னா அட்டையை மணிக்கட்டிலிருந்து பிடுங்கினாள். "நாலு வருஷம், இங்கிரிட்! ஒரு ஆட்டத்துக்காவது என்னைக் கேப்பார்னு காத்துக் கிடந்தேன். இன்னிக்கு அவருக்காகத்தான் ஒருத்தரைக்கூட மறுக்காம ஆடினேன்!"

இங்கிரிட் கையிலிருந்த கோட்டை மெல்லக் கீழே வைத்தாள்.

"அடிப்பாவி, எங்க அண்ணனுக்கு ஒரு அடிகூட ஆடத் தெரியாது; எல்லாரையும் வேண்டாம்னுட்டு நீ அவர் பக்கத்துல உக்காருவியே, அதுக்காகத்தான் அந்த மனுஷன் வருஷா வருஷம் இங்க வந்ததே!"